டிஃப்பில் இல்லாத வரி: திறமூலத் திட்டங்களில் நிரல் மீளாய்வு செய்வது எப்படி

2011 டிசம்பர் 31 அன்று, இணைய இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஒரு பேட்ச் (நிரல் மாற்றம்) சேர்க்கப்பட்டது. இணைப்பின் மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கும் ‘ஹார்ட்பீட்’ வசதி அது. செய்தியின் வடிவம் எளிது: வகைக்கு 1 பைட், நீளத்துக்கு 2 பைட், அந்த நீளமுள்ள ஏதாவது ஒரு தரவு, கடைசியில் குறைந்தது 16 பைட் நிரப்பு. வந்த தரவை வந்தபடியே திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பேட்ச்சை எழுதியவர் ஒருவர். அதைப் படித்துப் பார்த்து உள்ளே சேர்த்தவர் வேறொருவர். அதாவது, மீளாய்வு நடக்கத்தான் செய்தது. 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு அந்த நிரல் உலகெங்கும் உள்ள வழங்கிகளுக்குச் சென்றது. 2014 ஏப்ரல் 7 அன்று அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தமும் ‘ஹார்ட்பிளீட்’ என்ற அதன் பெயரும் ஒன்றாக வெளிவரும் வரை, மூலநிரல் எல்லோர் கண்முன்னும் திறந்தே கிடந்தது.

அந்தப் பேட்ச்சை இன்று எடுத்துப் படித்தாலும், எழுதப்பட்ட வரிகளில் இதுதான் தவறு என்று விரல் வைக்க ஓர் இடம் எளிதில் அகப்படாது. நீளத்தைப் படிக்கும் வரி சரி. நினைவகம் ஒதுக்கும் வரி சரி. அத்தனை பைட்டுகளை நகலெடுக்கும் வரியும் தன்னளவில் சரி. மறுமுனை சொன்ன நீளமும் உண்மையில் வந்து சேர்ந்த தரவின் நீளமும் பொருந்துகின்றனவா என்று கேட்கும் வரி மட்டும் அங்கே இல்லை. ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு, அனுப்பியது 65,535 பைட் என்று சொன்னால், வழங்கி தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம், ஏறக்குறைய 64 கிலோபைட் வரை, அள்ளிக் கொடுத்தது. பிறகு வந்த திருத்தத்தின் சாரம் ஓர் ஒப்பீடுதான்: 1 + 2 + சொன்ன நீளம் + 16 என்ற கூட்டுத்தொகை, வந்த பதிவின் நீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்தச் செய்தியைப் பேசாமல் தள்ளிவிடு.

மீளாய்வைப் பற்றி நான் சொல்லப்போவது முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கும். பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியலான டிஃப், சேர்ந்ததையும் நீங்கியதையும் காட்டும்; சேர்ந்திருக்க வேண்டியதைக் காட்டாது. கண் இயல்பாகவே சேர்ந்த பச்சை வரிகளின் மேலும் நீங்கிய சிவப்பு வரிகளின் மேலும் ஓடும் என்பதால், எழுதியவர் எதைப் பற்றி யோசித்தாரோ அதைப் பற்றியே நாமும் யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம்; அவர் யோசிக்காமல் விட்டது நமக்கும் விட்டுப்போகிறது. ஆகவே, டிஃப்புக்கு வெளியே தன்னை இழுத்துக்கொண்டு போகும் சில பழக்கங்களை வலிந்து கைக்கொள்ள வேண்டும். பின்வருபவை அந்தப் பழக்கங்களே.

தொடங்கும் முன்

திறமூலத் திட்டம் ஒன்றில் மீளாய்வு செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்து கிடக்கும் எந்தப் புல் ரிக்வெஸ்ட்டையும் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) நீங்கள் படிக்கலாம், உங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம், பொதுவாகக் கண்டதை எழுதவும் செய்யலாம்; உள்ளே சேர்க்கும் அதிகாரம் மட்டுமே பராமரிப்பாளர்களிடம் இருக்கிறது. எழுதுவோர் பலர், படிப்போர் சிலர் என்ற நிலையில்தான் பல திட்டங்கள் நடக்கின்றன. எனவே, ஒழுங்காகப் படிக்கும் ஒருவரைப் பராமரிப்பாளர்கள் சீக்கிரமே பெயர் சொல்லி அறிந்துகொள்வார்கள். நீங்களே அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில், நீங்கள் பயன்படுத்தும் பகுதியைத் தொடும் சிறிய மாற்றம் ஒன்றை முதலில் தேர்ந்தெடுங்கள். அந்தப் பகுதி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அந்த அறிவு டிஃப்பில் கிடைக்காது.

டிஃப்பைத் திறக்கும் முன் கமிட் செய்தியையும் (பதிவாகும் மாற்றத்தோடு எழுதியவர் இணைக்கும் குறிப்பு), அது சுட்டும் வழு அறிக்கையையும் படியுங்கள். என்ன மாறியது என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் மாறியது என்பதைச் செய்திதான் சொல்ல வேண்டும். அந்த ‘ஏன்’ புரியவில்லை என்றால், ஒரு வரிகூடப் படிக்காமல் அதைக் கேட்டு எழுதுவதே சரியான மீளாய்வு. இந்த மாற்றம் திட்டத்துக்குத் தேவைதானா, வேறிடத்தில் செய்திருக்க வேண்டியதா என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. மாறிப் பெயர்களையும் இடைவெளிகளையும் பற்றி முப்பது கருத்து எழுதி, எழுதியவர் ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனையையும் திருத்திய பிறகு, “உண்மையில் இந்த வசதியே நமக்கு வேண்டாம்” என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

அளவும் இங்கேயே பார்க்க வேண்டியது. ஒரு வழுவைத் திருத்துவதோடு, கோப்புகளை இடம் மாற்றி, பெயர்களை மாற்றி, இடையிடையே இடைவெளிகளையும் சீர்செய்த பேட்ச்சை எவராலும் உருப்படியாகப் படிக்க முடியாது. பிரித்துத் தரச் சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் இது எழுதப்பட்ட விதி: ஒரு பேட்ச்சுக்கு ஒரு மாற்றம், தொடரில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கர்னல் பில்ட் ஆகி இயங்க வேண்டும். பின்னாளில் வழு எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் ‘பைசெக்ட்’ கட்டளை கொண்டு பாதி பாதியாக வெட்டித் தேடுபவர், இயங்காத இடைநிலை ஒன்றில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே இதற்குக் காரணம்.

கையில் எடுத்து ஓட்டுதல்

உலாவியில் மட்டும் படித்து ஒப்புதல் தருவது பொதுவான வழக்கம். இரண்டு வரி ஆவணத் திருத்தத்துக்கு அது போதும். அதற்கு மேற்பட்ட எதற்கும் நிரலைத் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். கிட்ஹப் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் அதன் எண்ணோடு தனி ரெஃப்பாக (பெயரிட்ட சுட்டியாக) வைத்திருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்து ஃபெட்ச் செய்தால், அனுப்பியவரின் களஞ்சியத்தைத் தேடிப் போகாமலே ஒரு கிளையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு பில்ட் செய்து, சோதனைகளை ஓட்டி, எழுதியவர் சொல்லும் வழு பழைய நிரலில் உண்மையிலேயே வருகிறதா என்று முதலிலும், புதிய நிரலில் வராமல் போகிறதா என்று அடுத்தும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு உத்தியைச் சொல்ல வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. சில ஆண்டுகளுக்கு முன், சிறிய திட்டம் ஒன்றில் தேதிகளைப் படிக்கும் பகுதிக்கு வந்த திருத்தத்தை நான் மீளாய்வு செய்தேன். அழகான கமிட் செய்தி, புதிதாக மூன்று சோதனைகள், எல்லாமே தேறின. ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அடுத்த பதிப்பு வெளியான இரண்டாம் நாளே அதே வழு மீண்டும் அறிக்கையாக வந்தது. திருத்தம் வேலை செய்யவே இல்லை. சோதனைகளோ திருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேறக்கூடியவை, ஏனென்றால் அவற்றில் கொடுத்திருந்த தேதிகள் எவையும் வழு வரும் பாதையைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து, புதிய சோதனைகளை மட்டும் வைத்துக்கொண்டு நிரல் கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பி ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். அப்போது சோதனை தோற்க வேண்டும். தோற்காவிட்டால் அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை. இரண்டு நிமிட வேலைதான். நான் செய்யும் மீளாய்வுகளில் அதிக வழுக்களைப் பிடித்துத் தந்த இரண்டு நிமிடம் அதுவே.

படிக்கும் வரிசை

உலாவி கோப்புகளைப் பெரும்பாலும் அகரவரிசையில் காட்டும். அந்த வரிசையில் படிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சோதனைகளை முதலில் படியுங்கள்: எழுதியவர் எந்தெந்த நிலைமைகளை மனத்தில் வைத்திருந்தார் என்பது அங்கே தெரியும், எவற்றை வைத்திருக்கவில்லை என்பதும் கூடவே தெரியும். அடுத்து, தரவு வடிவங்களும் வெளிப்படையான இடைமுகங்களும். இவை ஒரு முறை வெளியாகிவிட்டால் திரும்பப் பெறுவது கடினம் என்பதால் அதிக நேரம் இவற்றுக்கே. செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) உள்ளுடல் கடைசியில்.

பிறகு டிஃப்பைவிட்டு வெளியே வாருங்கள். ஒரு செயற்கூறு இதுவரை எப்போதும் ஒரு மதிப்பைத் தந்துகொண்டிருந்து, இந்தப் பேட்ச்சுக்குப் பிறகு சில வேளை வெறுமையைத் தரும் என்றால், அதை அழைக்கும் இடங்கள் எல்லாமே மாறியாக வேண்டும். மாறாத இடங்கள் டிஃப்பில் வராது. ‘கிட் கிரெப்’ கொண்டு அந்தப் பெயரைக் களஞ்சியம் முழுவதும் தேடினால், பேட்ச் தொட்ட நான்கு இடங்களோடு தொடாத ஐந்தாவது இடமும் வந்து நிற்கும். நீக்கப்பட்ட வரிகளிடமும் இதே சந்தேகம் வேண்டும். தேவையற்றதாகத் தோன்றும் ஒரு சரிபார்ப்பு வரியைப் பேட்ச் எழுதியவர் நீக்கியிருந்தால், அது எப்போது, எந்த வழுவுக்காக நுழைந்தது என்று ‘கிட் பிளேம்’ வழியாகவும், ‘கிட் லாக்’ கட்டளையின் பிக்ஆக்ஸ் தேடல் (ஒரு சொல் நுழைந்த, நீங்கிய கமிட்டுகளைக் காட்டுவது) வழியாகவும் பாருங்கள். காரணமில்லாமல் நிற்பதுபோலத் தெரியும் வேலிக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் தூக்கமில்லாத இரவு இருக்கும்.

இல்லாததைத் தேடுவது என்றால் எப்படி என்று ஒரு பேட்ச்சை வைத்தே காட்டுகிறேன். பைத்தானில் எழுதப்பட்ட ஒரு தளம். பயனர் பெயர் திரையில் இடம் கொள்ளாமல் வழிகிறது. அதை முதல் 10 எழுத்தோடு வெட்டும் ஒற்றை வரி மாற்றம் வருகிறது. ஆங்கிலப் பெயர் ஒன்றைக் கொடுத்துச் சோதனையும் எழுதப்பட்டிருக்கிறது, தேறுகிறது. டிஃப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. இப்போது ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரைக் கொடுங்கள். நம் கணக்கில் அது எட்டே எழுத்து: கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. வெட்ட வேண்டிய தேவையே இல்லை. பைத்தான் எண்ணுவதோ யூனிகோட் குறியெண்களை. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள் என்பதால் அதே பெயர் அதற்கு 15. பத்தோடு வெட்டினால் திரையில் வருவது ‘கிருஷ்ணமூர’. பத்தாவதாக நின்ற ரகரம் தன் புள்ளியை இழந்து, ‘ர்’ என்பது ‘ர’ ஆகிவிடுகிறது.

இத்தோடு நிறுத்தாமல் அதே நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம். இந்தப் பெயர் அடுத்து எங்கே போகிறது? பைட் கணக்கில் நீளம் அளக்கும் பழைய கோப்பு வடிவம் ஏதேனும் இருந்தால், யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், 20 பைட்டில் வெட்டும்போது ஏழாவது குறியெண் நடுவில் பிளக்கப்பட்டு உடைந்த தரவாக நிற்கும். பெயர்களை ஒப்பிடும் இடம் இருக்கிறதா? ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒப்பிடும் முன் யூனிகோட் இயல்பாக்கம் செய்யாவிட்டால், கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு கணக்குகள் உருவாகும். இவை எவையும் அந்த ஒற்றை வரி டிஃப்பில் இல்லை. “இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு மோசமானதாக வரலாம், அடுத்து எங்கே போகிறது” என்ற மூன்று கேள்விகளை விடாமல் கேட்டதால் வந்தவை. ஹார்ட்பீட் செய்தியின் நீளத்தைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்டிருந்தால் முதல் கேள்வியிலேயே விடை கிடைத்திருக்கும்: அந்த நீளம் முன்பின் தெரியாத மறுமுனையிலிருந்து வருகிறது.

உள்ளீட்டுக்கு இந்தக் கேள்விகள். மற்றவற்றுக்கும் இதுபோன்ற ஜோடிகள் உண்டு: திறந்த கோப்பு பிழை நேரும் பாதையிலும் மூடப்படுகிறதா, போட்ட பூட்டு இடையில் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் அவிழ்க்கப்படுகிறதா, புதிய அமைப்புக்கு ஆவணம் இருக்கிறதா. ஜோடியில் ஒன்று டிஃப்பில் கண்ணில் பட்டால், மற்றதைத் தேடிப் போக வேண்டும்.

கண்ணை நம்ப வேண்டாத இடங்கள்

இருப்பதையும் கண் தவறவிடும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7.0.6 பதிப்பில் திருத்திய வழு இதற்குப் பாடமாகச் சொல்லத்தக்கது. வழங்கியின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயற்கூறில், ஒரு நிபந்தனைக்குக் கீழே ‘கோட்டூ ஃபெயில்’ (‘ஃபெயில்’ என்ற இடத்துக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை, ஒரே உள்தள்ளலில் நின்றது. முதலாவது மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எப்போதும் இயங்கி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியையே தாண்டிக் குதித்தது. அந்த நேரத்தில் பிழை எதுவும் பதிவாகியிராததால் செயற்கூறு வெற்றி என்றே அறிவித்தது. உள்தள்ளல் சீராக இருந்ததுதான் கண்ணை ஏமாற்றியது. 2016-இல் வெளியான ஜிசிசி 6 கம்பைலர், ஏமாற்றும் உள்தள்ளலைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கையைத் தன் வழக்கமான எச்சரிக்கைகளோடு சேர்த்துக்கொண்டது.

இயந்திரம் பார்க்கக்கூடியதை இயந்திரத்திடம் விட்டுவிடுவதே இதிலிருந்து பெறும் நடைமுறை. கர்னலில் ‘செக்பேட்ச்’ என்ற ஸ்கிரிப்ட் நடை விதிகளைப் பார்த்துச் சொல்லிவிடும். பிற திட்டங்களில் நிரலை ஒழுங்காக அடுக்கித் தரும் கருவிகளும் தானியங்கிச் சோதனைகளும் உண்டு. இடைவெளி, அடைப்புக்குறியின் இடம் ஆகியவற்றைப் பற்றி மீளாய்வாளர் கையால் எழுதும் ஒவ்வொரு கருத்தும், திட்டத்தின் அமைப்பில் ஒரு கருவி குறைகிறது என்பதையே காட்டுகிறது. கருத்தை எழுதுவதற்குப் பதிலாக அந்தக் கருவியைச் சேர்க்கும் பேட்ச்சை எழுதுங்கள்.

நேரமும் இதில் அடங்கும். ஒரு மணி நேரம் ஊன்றிப் படித்த பிறகு என் கண்கள் எழுத்துகளின் மேல் வழுக்கத் தொடங்கிவிடும். மற்றவர்கள் நிலையும் பெரிதாக வேறுபடாது என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் நிறுத்தி, “கோப்புகளில் இதுவரை பார்த்துவிட்டேன், மீதி நாளை” என்று எழுதி வையுங்கள்.

கருத்தை எழுதுதல்

பார்த்ததைச் சொல்வது, பார்ப்பதற்கு நிகரான வேலை. ஒரே குறையை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். “இது தவறு. நீளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றுகூடத் தெரியாதா?” என்பது ஒன்று. “இந்த நீளம் இணைப்பின் மறுமுனையிலிருந்து நேராக வருகிறது. உண்மையில் 1 பைட் மட்டும் அனுப்பி, நீளம் 65,535 என்று சொன்னால், 42-ஆம் வரி நமக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படிக்கும். பதிவின் நீளத்தோடு ஒப்பிட்டுவிட்டு நகலெடுக்கலாமா? இதைச் செய்யாமல் சேர்க்க முடியாது என்று நினைக்கிறேன்” என்பது மற்றொன்று. இரண்டாவதில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: எந்த இடம், எந்த உள்ளீட்டில் உடைகிறது, என்ன செய்யலாம், இது எவ்வளவு முக்கியம். கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சேர்ப்பதைத் தடுக்கும் குறை எது, விருப்பமிருந்தால் மாற்றலாம் என்ற அளவிலான யோசனை எது, உங்களுக்கே புரியாமல் கேட்பது எது என்று ஒவ்வொரு கருத்தின் தொடக்கத்திலும் சொல்லிவிட்டால், எழுதியவர் எதிலிருந்து தொடங்குவது என்று தடுமாற மாட்டார். அற்பமான குறைகளுக்கு ‘நிட்’ என்று முன்னொட்டுப் போடுவது பல திட்டங்களில் வழக்கம். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஈர் என்று பொருள். நம் ஊரில் ‘ஈரைப் பேனாக்கி’ என்று தொடங்கும் பழமொழியை அறிந்தவர்களுக்கு அந்த முன்னொட்டின் அளவு புரியும்.

நிரலைப் பற்றிப் பேசுங்கள், எழுதியவரைப் பற்றிப் பேசாதீர்கள். “நீங்கள் மறந்துவிட்டீர்கள்” என்பதைவிட “இந்தச் செயற்கூறு இந்த நிலைமையைக் கவனிக்கவில்லை” என்பது எப்போதும் மேல். முகம் தெரியாத இருவர், பெரும்பாலும் இருவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், வெவ்வேறு நேரத்தில் விழித்திருந்து பேசிக்கொள்ளும் இடம் இது; சிரித்துக்கொண்டே சொன்ன கிண்டலில் சிரிப்பு வழியிலேயே உதிர்ந்துவிடும். முதன்முறையாக அனுப்புபவர் என்றால், பெரிய குறைகளை மட்டும் சொல்லிவிட்டு, சிறியவற்றைச் சேர்த்த பிறகு நீங்களே சரிசெய்துவிடுவது நல்லது. அவர் இரண்டாவது பேட்ச் அனுப்புவாரா என்பது பெரும்பாலும் முதல் பேட்ச்சுக்கு வரும் மறுமொழியைப் பொறுத்தது.

எளிய விஷயங்களில்தான் எல்லோருக்கும் கருத்து இருக்கும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளச் சமூகத்தில் 1999-இல் பவுல்-ஹென்னிங் காம்ப் இதைச் சைக்கிள் கொட்டகைக்கு என்ன வண்ணம் பூசுவது என்ற சச்சரவாக எழுதிக் காட்டியதிலிருந்து, ‘பைக்‌ஷெட்’ என்ற சொல் நிரலாளர்களிடையே நிலைத்துவிட்டது. பூட்டுகளின் வரிசையை மாற்றும் பேட்ச் கேட்பாரற்றுக் கிடக்க, ஒரு மாறியின் பெயருக்கு நாற்பது மறுமொழி வரும். நாற்பத்தொன்றாவதை எழுதாமல், அந்தப் பூட்டு பேட்ச்சைத் திறந்து படியுங்கள்.

முடிவைச் சொல்லுதல்

ஒவ்வொரு திட்டமும் ஒப்புதலைத் தனக்கே உரிய முறையில் பதிவு செய்கிறது. அதன் பொருளைத் தெரிந்துகொண்டு கையொப்பமிட வேண்டும். கர்னலில் ‘ரிவ்யூட்-பை’ என்று பெயர் தருவதற்கு எழுதி வைத்த பொருள் உண்டு: தொழில்நுட்ப நோக்கில் படித்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொன்னேன், இந்த மாற்றம் பயனுள்ளது, எனக்குத் தெரிந்த வரையில் சேர்ப்பதைத் தடுக்கும் குறை இல்லை, ஆனால் வழுவே இல்லை என்று உத்தரவாதம் தரவில்லை. ‘ஆக்ட்-பை’ அதைவிட மெல்லியது, பொதுவாக அந்தப் பகுதியின் பொறுப்பாளர் எனக்கு மறுப்பில்லை என்று சொல்வது. ஓட்டிப் பார்த்தவர் ‘டெஸ்டட்-பை’ தருவார். கெரிட் என்ற மீளாய்வுக் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களில் -2 முதல் +2 வரை மதிப்பெண் தருவது பொது வழக்கு. அபாச்சி திட்டங்களில் நிரல் மாற்றத்துக்கு எதிராக உரிமையுள்ளவர் இடும் -1 தடையாணை போன்றது. ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாவிட்டால் அது செல்லாது. காரணம் சொல்லாத மறுப்பு செல்லாது என்ற அந்த ஒரு விதியை எல்லாத் திட்டங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முழுவதும் பார்க்கவில்லை என்றால் அதைச் சொல்லியே ஒப்புதல் கொடுங்கள். “பூட்டு தொடர்பான பகுதியை மட்டும் பார்த்தேன், குறியாக்கப் பகுதி எனக்குத் தெரியாது, அறிந்தவர் பார்க்க வேண்டும்” என்ற மறுமொழி, வெறும் ‘நன்றாக இருக்கிறது’ என்பதைவிடப் பராமரிப்பாளருக்குப் பல மடங்கு பயன்படும். எங்கே யாரும் பார்க்கவில்லை என்பது அதில்தான் தெரிகிறது.

திருத்திய பேட்ச் திரும்ப வரும்போது முதலிலிருந்து படிக்க நேரமிருக்காது. ஆனால், நீங்கள் சொன்ன இடங்களை மட்டும் பார்த்தால், சொல்லாத இடத்தில் புதிதாக மாறியது தப்பிவிடும். கிட் 2.19 முதல் உள்ள ‘ரேஞ்ச்-டிஃப்’ கட்டளை, பேட்ச் தொடரின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் கமிட் கமிட்டாக ஒப்பிட்டு, அவற்றுக்கிடையே மாறியதை மட்டும் காட்டும்.

களஞ்சியத்துக்கு வெளியே

2003 நவம்பரில், லினக்ஸ் கர்னலுக்கு சிவிஎஸ் என்ற பதிப்புக் கருவியில் வைத்திருந்த நகலில் யாரோ ஒருவர் நிபந்தனை ஒன்றைச் செருகினார். பயனர் எண் பூஜ்ஜியமா என்று பார்ப்பதுபோலத் தோன்றும் அந்த வரியில், ‘==’ இருக்க வேண்டிய இடத்தில் ‘=’ இருந்தது; எனவே அது பார்க்கவில்லை, பூஜ்ஜியமாக்கியது, அதாவது அழைத்தவரை ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆக்கியது. அது பிடிபட்டது அந்த ஒற்றைக் குறியை யாரோ கூர்ந்து படித்ததால் அல்ல. மூலக் களஞ்சியமான பிட்கீப்பரில் அந்த மாற்றத்துக்கு உரிய பதிவு இல்லை. இருக்க வேண்டியது இல்லாமல் போனதுதான் காட்டிக்கொடுத்தது.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் நடந்தது இதன் பெரிய வடிவம். தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட், காரணத்தைத் தோண்டிப் போய், 2024 மார்ச் 29 அன்று அவற்றில் ஒளித்து வைத்திருந்த பின்வாசலை வெளிப்படுத்தினார். தீய நிரலின் உடல், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் பைனரியாகக் களஞ்சியத்தில் இருந்தது. அதை எழுப்பிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட் வரிகளோ கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென்று கட்டிய டார் கோப்பில் (கோப்புகளின் தொகுப்பு) மட்டும் இருந்தன. டிஃப்பை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அங்கே இல்லாததைப் படிக்க முடியாது. எனவே, பராமரிப்பாளராக இருந்தால், வெளியீட்டு டார் கோப்பைக் களஞ்சியத்திலிருந்து இன்னொருவர் தனியாகக் கட்டி இரண்டையும் ஒப்பிடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். மீளாய்வாளராக இருந்தால், பைனரி கோப்பு எதையும் ஏற்கும் முன் அது எப்படி உருவானது என்று கேளுங்கள். சோதனைத் தரவை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டையே களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

அதே தாக்குதலில், கண்முன்னே டிஃப்பில் கிடந்த ஒன்றும் உண்டு. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று அறிய, சிமேக் என்ற பில்ட் கருவிக்கான கோப்பில் ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும் சோதனை சேர்க்கப்பட்டது: கம்பைல் ஆனால் வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. அந்தக் குட்டி நிரலின் நடுவே, ஒரு வரியில் தனியாக ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அது இருக்கும் வரை எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. எனவே, சிமேக் வழியாகக் கட்டும் இடங்களில் வசதி எப்போதும் ‘இல்லை’ என்றே முடிவாகும், எந்தப் பிழைச் செய்தியும் வராமல். தோல்வியையே விடையாக எடுத்துக்கொள்ளும் இத்தகைய சோதனைகளைப் பார்க்கும்போது, அந்த வசதி உண்மையில் இருக்கும் கணினி ஒன்றில் ஓட்டி, ‘உண்டு’ என்று வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். பின்வாசல் வெளியான மறுநாள், மார்ச் 30 அன்று, மூலப் பராமரிப்பாளர் செய்த கமிட்டுகளில் ஒன்று இதற்கானது: டிஃப்பில் ஒரே ஒரு சிவப்பு வரி, அதில் ஒரு கழித்தல் குறி, பக்கத்தில் அந்தப் புள்ளி.